இரண்டு சுழி

பேரங்காடியின் ஆறாம் மாடியில்
எனக்குக் குளிர்காலம் ஷிப்ட் கணக்கில் வருகிறது.
மாலை நான்குக்குத் தொடங்கி
நள்ளிரவு ஒன்றுக்கு முடியும்.
பொதுவிடுமுறை என்றால் இரட்டைச் சம்பளம்.

கவுண்டரில் நின்று அங்கி கொடுப்பேன்.
சிறியவர்களுக்குச் சிவப்பு, பெரியவர்களுக்கு நீலம்.
ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவரின் வியர்வை
ஏற்கனவே குடியிருக்கும்.
ஈப்போவிலிருந்து வந்த கல்யாணக் கூட்டம் ஒன்று
மல்லிகைச் சரத்தோடு உள்ளே போனது ஒருநாள்.
திரும்பி வந்தபோது பூ விறைத்திருந்தது.
மணப்பெண் தொட்டாள், ஒரு மொட்டு ஒடிந்தது.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பதினொன்றுக்குக் கதவடைத்த பிறகு
மண்வெட்டியோடு உள்ளே போவோம்
நானும் தில் பகதூரும்.
பகலெல்லாம் மிதிபட்ட பனி
ஆறிய சோறாய்க் கட்டிப்பட்டிருக்கும்.
அதற்குள் ஒற்றைக் காலுறை, முறுக்குத் துண்டு,
ஒரு தடவை ஒரு பால்பல்.
கொத்திக் கிளறிச் சமன்செய்து
இயந்திரத்தை ஓடவிட்டால்
விமானம் கிளம்புகிற இரைச்சலோடு
நாளைய பனி விழும்.

தில் பகதூர் இமயத்தடியில் பிறந்தவர்.
இதைப் பனி என்று அவர் சொன்னதே இல்லை.
தெப்போங் என்பார், மாவாம்.
"ஒரு வருடம் எங்கள் எருமைகள் இரண்டைத் தின்றது பனி.
இது யாரைத் தின்னும்?"

எனக்கு ஐம்பத்தொன்று.
கேளாமல் கொள்ளாமல்
உடம்புக்குள் அடுப்பு பற்றிக்கொள்ளும் வயது.
அவர் அந்தப் பக்கம் திரும்பும்போது
கையுறையைக் கழற்றி ஒரு பிடி அள்ளிப்
பிடரியில் வைத்துக்கொள்வேன்.
முட்டிக்கு ஆகாது, வேலையை விடு என்கிறான் மகன்.
இந்த ஒரு பிடியை அவனுக்கு எப்படிச் சொல்வது?

அக்கா எட்மண்டனில் இருக்கிறாள்.
பத்தொன்பது குளிர்காலம்.
விடியுமுன் எழுந்து காரைத் தோண்டி எடுக்கிறாள்.
எனக்குச் சம்பளம் தருகிற வேலையை
நீ ஓசியில் செய்கிறாயே என்று கேலி பேசுவேன்.
போன வாரம் ஒரு செய்தி வந்தது:
"இன்றைக்குப் பணி அதிகம்."
இரண்டு சுழியா, மூன்று சுழியா என்று கேட்டேன்.
செந்தூல் தமிழ்ப்பள்ளியில் இதற்காகவே
இருவரும் பிரம்படி வாங்கியவர்கள்.
முன்பனி பின்பனி என்று பருவங்களை ஒப்புவிக்க
தகரக் கூரையில் மழை எங்களை மிஞ்சிக் கத்தும்.

"எத்தனை சுழியானால் என்ன,
முதுகுவலி ஒன்றுதானே" என்றாள்.
அப்புறம் குரலில் பேசினாள்.
அத்தான் போன பிறகு வந்திருக்கும் முதல் பனி.
வாசலிலிருந்து தெருவரை ஒரே ஜோடிக் காலடி.
கடைக்குப் போய்த் திரும்பினால்
அதுவும் மூடியிருக்கிறது.
"உன் பனி சத்தம் போடுமாடி?
இங்கே ஒன்றும் கேட்காது. அதைத்தான் தாங்க முடியவில்லை.
மழையென்றால் வருகிறேன் என்று
சொல்லிவிட்டாவது வரும்."

அன்றிரவு விசையைத் தட்டி இயந்திரத்தை நிறுத்தினேன்.
இரைச்சல் போய்விட்டது.
மேலே தங்கிவிட்ட கடைசிப் பொடிகள் மட்டும்
இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன,
பிளாஸ்டிக் தேவதாரு மேல்,
சறுக்குப் பாதை மேல்,
தில் பகதூரின் தொப்பி மேல்.
அவர் மண்வெட்டியை ஊன்றி அண்ணாந்து நின்றார்.
மாவு என்றுகூடச் சொல்லவில்லை.

எட்டு மாதமாக இங்கே வேலை செய்கிறேன்,
பனி விழுவதை அன்றுதான் பார்த்தேன்.

போனை நீட்டிப் பதிவுசெய்து அக்காவுக்கு அனுப்பினேன்.
"ஒன்றும் கேட்கவில்லையே" என்று எழுதினாள்.
கொஞ்சம் கழித்து,
"கேட்டது."

ஒரு மணிக்குக் கீழே இறங்கினேன்.
கதவு திறந்ததும் மூக்குக்கண்ணாடி பனித்துவிட்டது.
கண் தெரியவில்லை, மழை பெய்வது மட்டும் தெரிந்தது.
மோட்டார் நிறுத்துமிடத்துத் தகரத்தில்
கொட்டு கொட்டென்று கொட்டியது.
துடைக்கவில்லை.
போனை மழைக்குள் நீட்டியபடி நின்றேன்,
நனைந்தால் நனையட்டும்.
கால்விரல்கள் இன்னும் மைனஸ் ஐந்தில் இருந்தன.